பதினெட்டாவது ஒயர்

ஆயுத பூஜையன்று மத்தியானம் மூன்று மணி. கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். என் பெட்டி குளித்து முடித்து, உடம்பெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

பெட்டி என்று நான் சொல்வது ஒரு சிந்தசைசர், மின்சாரத்தில் இசைச் சத்தம் உண்டாக்கும் கருவி. கீபோர்டில் இருப்பதுபோல் கட்டைகள் எதுவும் அதில் கிடையாது. முப்பத்திரண்டு குமிழ்கள், ஒயர் குத்துவதற்கு வரிசையாகத் துளைகள், பதினெட்டு ஒயர்கள், அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி முரட்டுச் சத்தம் ஒன்றைக் கிளப்பும். இன்னொரு பகுதி அதைச் சீவும். மற்றொன்று ஏற்றி இறக்கும். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு ஒயர் போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சத்தம் பிறக்கும். செல்போனில் செய்வதுபோல் எதையும் சேமித்து வைக்க முடியாது. ஒயரைப் பிடுங்கினால் சத்தம் போச்சு.

பதினெட்டு ஒயர்களையும் பிடுங்கியாகிவிட்டது. ஒவ்வொன்றையும் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, வாழையிலையில் வரிசையாக அடுக்கியிருந்தது. குமிழ்கள் முப்பத்திரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

"யாரு இத தொட்டது?"

என் வீட்டுக்காரர் சிலம்பரசன் உள்ளேயிருந்து சிரித்த முகமாக வந்தார். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இஞ்சின் ரிப்பேர் செய்கிறவர் அவர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தன் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படைப்பார்.

"நான்தான். ஒரே தூசி. ஒயரெல்லாம் சிக்கிக்கினு கெடந்துச்சி. ஒன்னொன்னா கழட்டி தொடச்சி வெச்சேன். பளிச்சினு கீதா?"

கோபம் வந்தால் எனக்கு நீங்க, வாங்க எல்லாம் மறந்துவிடும்.

"யோவ், ஒயர கழட்டுன்னு ஒன்கிட்ட யார்யா கேட்டது? ஒன் இஞ்சின மொத்தமா பிரிச்சி எலைல பரப்பி வெச்சி பொட்டு வெக்கட்டா? சும்மா இருப்பியா?"

அவர் ஒயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"திரும்ப மாட்டிக்கலாம் இல்ல?"

அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியைச் செய்தவர் லூர்துபிரகாஷ் அண்ணன். பிரான்சில் ஒலிக்கருவி செய்யும் இடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மிஷன் வீதிக்குப் பக்கத்தில் தன் வீட்டு மாடியிலேயே வகுப்பு நடத்துகிறார். ஒன்பது பேர் சேர்ந்தோம். இரண்டே வாரத்தில் ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சம் நானும், மாதா கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் மெரின் என்ற பெண்ணும். பெட்டி இருப்பது ஒன்றே ஒன்று. முதல் ஆறு வாரம் மெரினிடம் கொடுத்தார், அடுத்த ஆறு வாரம் என்னிடம். பெட்டி யாருக்கு நிரந்தரமாகப் போகும் என்பதை விஜயதசமி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் லீவு என்பதைத் தவிர அந்தத் தேதிக்கு வேறு காரணம் இல்லை.

அவர் வைத்த பரீட்சை இதுதான். ஆளுக்கு ஒரு சத்தம் செய்ய வேண்டும். செய்ததும் அவர் வந்து ஒயரையெல்லாம் பிடுங்கிவிடுவார். அதே சத்தத்தை முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருத்தி மட்டும் செய்தால் பெட்டி அவளுக்கு. இரண்டு பேருமே செய்துவிட்டால், யாருடைய சத்தம் அவருக்குப் பிடிக்கிறதோ அவளுக்கு.

என் சத்தம் ஏற்கெனவே அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "பொட்டிய செஞ்ச எனக்கே இது உள்ள இருக்குதுன்னு தெரியாதும்மா" என்றார். அடிவயிற்றில் கேட்கிற மாதிரி கனமான துடிப்பு. மூன்று துடிப்பு ஒழுங்காக வரும். நாலாவது மட்டும் தயங்கி நின்று, பிந்தி விழும். அந்தத் தயக்கத்தில் ஒரு உயிர் இருந்தது. மாத்திரை கம்பெனியில் பேக்கிங் மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் ஒரே மாதிரிக் கடகட சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, அதைக் கேட்டால் போதும் என்றிருக்கும். இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாக, என் கையால் ஒன்று நடந்திருந்தது. அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். அதைவிட வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணம் உட்பட.

ஆனால் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு நாள் தடவிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து பத்தொன்பது நாள் ஒரு ஒயரைக்கூட நான் தொடவில்லை. பிடுங்கிப் பார்த்துப் பழக வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பிடுங்கினால் திரும்ப வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். என் புருஷன்மேல் நான் கத்திய கத்தலில் பாதி எனக்கு நானே கத்திக்கொண்டது.

இதில் இன்னொரு கூத்து. அன்று காலையில் கம்பெனியில் என் மெஷினுக்குச் சந்தனம் வைத்தவளே நான்தான். அங்கே ஆபரேட்டர் முன்கூட்டியே செட்டிங் திருகுகளின் மேல் டேப் ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தான். நானும் ஜாக்கிரதையாக ஓரத்தில்தான் பொட்டு வைத்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியைத் தூக்கப் போனேன். "கைய எடு" என்று குரல் வந்தது. என் மாமியார் தனம். "படச்சத தொடக் கூடாது. நாளைக்கி காலைல கற்பூரம் காட்டி எடுத்தப்புறம் எடுத்துக்கோ."

"அத்த, நாளைக்கி எனக்குப் பரீட்ச. இப்பவே ஆரம்பிச்சாதான் ஆச்சி."

"கடல நம்பிப் பொழைக்கிற குடும்பம் சங்கவி. இன்னிக்கி ஒரு நாளு. அப்புறம் ஒன் இஷ்டம்."

மீறி எடுத்திருப்பேன். எடுக்கத்தான் போனேன். அப்போதுதான் கவனித்தேன். ஸ்பேனர்கள் எல்லாம் ஓரத்தில் இருந்தன. நடுவில் இருந்தது என் பெட்டி. இருந்த ஒரே கதம்ப மாலையையும் அத்தை அதற்குத்தான் போட்டிருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் பொருள் என்று ஒன்று இந்த வீட்டுப் படையலில் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையை எடுத்துக்கொண்டேன்.

செல்போனில் ஒரு போட்டோ இருந்தது. அதில் ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எங்கே போகிறது என்று பாதிக்குமேல் தெரியவில்லை. சத்தத்தைப் பதிவு செய்தும் வைத்திருந்தேன். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அடிச்சத்தம் ஒன்றும் விழவில்லை, கொசு கத்துவது போலத்தான் கேட்டது. ஒரு தாளை எடுத்துத் துளைகளை வரைந்து, ஞாபகத்தில் இருந்த ஒயர்களைக் கோடு போட்டேன். பதினோரு கோடு வந்தது. அதற்குமேல் மூளை ஓடவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றார். நான் நிமிரவில்லை. போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தை கற்பூரம் காட்டி, "எடுத்துக்கோம்மா" என்றார். எடுத்து மேஜைமேல் வைத்து ஆன் செய்தேன். இந்தப் பெட்டி சூடேற அரை மணி நேரம் ஆகும். அதுவரை சத்தம் நழுவிக்கொண்டே இருக்கும். அந்த அரை மணியும் சேஃப்டி பின்னை வைத்துக்கொண்டு துளைகளில் இறங்கிக் காய்ந்திருந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் மனசுக்குள் ஒரு வசவு.

போட்டோவையும் தாளையும் வைத்துப் பதினோரு ஒயர் மாட்டினேன். குருட்டாம்போக்கில் குத்திப் பார்த்ததில் இன்னும் நாலு. மணி பத்தாகியிருந்தது. பதினாறாவது, பதினேழாவது ஒயர்கள் பதினொன்றரைக்குப் பிடிபட்டன. துடிப்பு வந்தது. கனமும் வந்தது. ஆனால் நாலு துடிப்பும் ஒழுங்காக, கம்பெனி மெஷின் மாதிரி ஓடின. தயக்கம் இல்லை. கையில் ஒரு ஒயர் மிச்சமிருந்தது. அதை ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டே போனேன். ஊளையிட்டது, கரகரத்தது, ஒரு தடவை மொத்தமாகவே செத்துப்போனது. மணி பன்னிரண்டரை. உள்ளங்கை வேர்த்து ஒயர் வழுக்கியது.

"அது இல்ல" என்றார் அவர்.

வாசல் பக்கம் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தவர். காலையிலிருந்து அதே ஸ்பேனரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார் போல.

"என்னா இல்ல?"

"நாலாவது அடி. அது லேட்டா வரணும். தூக்கி நின்னுட்டு அப்புறமா விழும். இது ஒழுங்கா ஓடுது."

நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டியில் சத்தம் கிளம்பினாலே டிவியைச் சத்தமாக வைக்கிற ஆள் இவர். இந்தச் சனியனை எப்போது திருப்பிக் கொடுப்பாள் என்று காத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"கேட்டுக்கினுதான் இருந்தீங்களா?"

"பத்து பாஞ்சி நாளா ஊட்ல அதுதான கேக்குது. இஞ்சினு மிஸ் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா நல்லா இருக்கும்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒன்னு சொல்றன். கத்தாத."

"சொல்லுங்க."

"ஒரு ஒயரு மட்டும் கீழ வரிசைல கடைசிக் கட்டத்துலேர்ந்து வெளிய வந்து, சுத்தி அதே கட்டத்துக்குள்ளயே போய் குத்தியிருந்துச்சி. பாவம், தெரியாம குத்திட்டா போலன்னு நெனச்சிக்கினுதான் கழட்டுனேன்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்றைக்கு கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நின்று கத்த, அத்தை என்னைக் கூப்பிட, கையிலிருந்த ஒயரின் நுனியை எங்கேயோ குத்திவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்தச் சத்தம் இருந்தது. வெளியே போகிற சத்தத்தையே திருப்பி உள்ளே அனுப்பும் ஒயர். யாரும் வேண்டுமென்று அப்படிக் குத்த மாட்டார்கள்.

குத்தினேன். பெட்டி வீலென்று அலறியது. அத்தை உள்ளேயிருந்து "ஐயோ" என்றார். பக்கத்துக் குமிழை மயிரளவு மயிரளவாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அலறல் தேய்ந்து முனகலாகி, முனகல் துடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நின்றது. பிறகு விழுந்தது.

"அதான்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை. பத்தொன்பது நாள் செய்யப் பயந்த காரியத்தைச் செய்தேன். பதினெட்டு ஒயரையும் பிடுங்கிக் கீழே போட்டேன்.

"ஏய், இன்னாடி பண்ற!" என்று அவர் எழுந்தேவிட்டார்.

"ரெண்டு தடவ செய்யணும்ங்க. தெரிஞ்சி செய்யணும்."

அடுத்த தடவை ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்கடுத்த தடவை இருபத்தைந்து. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இல்ல, இல்ல, கொஞ்சம் கொற, ஆங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றேகாலுக்கு அத்தை ஒரு உருண்டை சோற்றை என் வாயில் திணிக்க, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வண்டியில் ஏறினேன்.

மாடி ஹாலில் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மெரின்தான் முதலில். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதி வைத்தபடியே பதற்றமில்லாமல் மாட்டினாள். மெல்லிய சத்தம், ஏறிக்கொண்டே போய் உச்சியில் நடுங்கும். லூர்து அண்ணன் எல்லாவற்றையும் பிடுங்கினார். மறுபடியும் மாட்டினாள். துளி மாறாமல் அதே சத்தம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு நான். முதல் தடவை இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தது. நாலாவது துடிப்பு தயங்கி விழுந்தபோது ஹாலில் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. லூர்து அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, ஒயர்களையெல்லாம் உருவி, குமிழ்களை ஒரே பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"அலோர், இன்னொரு தடவ" என்றார். அவர் பேச்சில் இடையிடையே பிரெஞ்சு வந்து விழும்.

பதினேழு ஒயரும் தானாக வழி கண்டுபிடித்தன. பதினெட்டாவதைக் குத்தி, அலறலை அடக்கி, மெதுவாக இறக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நின்று, விழுந்தது.

ஆனால் முன்பு விழுந்த மாதிரி விழவில்லை. ஒரு நூல் முன்னாலேயே விழுந்து, விழுந்த இடத்திலிருந்து லேசாக எழும்பியது. குமிழைத் திருப்பினேன். எழும்புவது போய்விட்டது, தயக்கமும் போய்விட்டது. திரும்பப் பழைய இடத்துக்கு வந்தேன். எழும்பியது. ஹால் புழுக்கமோ, பெட்டியின் சூடோ, என் விரலோ தெரியாது. இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். முதல் சத்தம் வரவே இல்லை. இன்னும் இரண்டே நிமிஷம். பின்வரிசையில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கையை எடுத்தேன்.

"வுவாலா!" என்றார் லூர்து அண்ணன். "அதேதான். அச்சு அசலா அதே சத்தம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மெரின் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், முகம் விழுந்துவிட்டது. லூர்து அண்ணன் என் பக்கமாகத் திரும்பிச் சிரித்தார். பெட்டி எனக்குத்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது. அது ஒன்றுதான். செய்தவரே அதேதான் என்கிறார், நான் யார் இல்லை என்று சொல்ல? ஆனால் பெட்டி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நாலாவது ஒவ்வொரு தடவை விழும்போதும் என் காதில் வந்து, வேற, வேற என்றது.

"இல்லண்ணே" என்றேன்.

"என்ன இல்ல?"

"இது வேற. நாலாவது அடி முன்னாடியே வுழுது. வுழுந்துட்டு எழும்புது. மொத தடவ எழும்பல."

கைதட்டல் அரைகுறையாக நின்றது. லூர்து அண்ணன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் காதை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். எழுந்தபோது என்னை நேராகப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா. எனக்குப் பிடிபடல." கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சொன்னா சொன்னதுதான் சங்கவி. மெரின்தான் ரெண்டு தடவையும் ஒன்னா செஞ்சிருக்கா. அடுத்த பொட்டி செஞ்சா உனக்கு."

"எப்பண்ணே?"

"பார்ட்ஸ் வெளியிலேர்ந்து வரணும். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ."

மெரின் வந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க சத்தத்த இதுல எழுதித் தர்றீங்களா?" என்று நோட்டை நீட்டினாள்.

எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. நோட்டை வாங்கினேன். பதினேழு ஒயரையும் எழுதினேன். பதினெட்டாவதுக்கு வந்தபோது பேனா நின்றது. இதை மட்டும் எழுதாமல் விட்டால் அவள் ஆயுசுக்கும் தேடிக்கொண்டிருப்பாள். கீழே பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் போட்டு ஒட்டும் சத்தம் கேட்டது. எழுதினேன். அலறும், பயப்படாதே, மெதுவாகக் குறை என்றும் எழுதிக் கொடுத்தேன்.

தெருவில் அவர் வண்டி பக்கத்தில் நின்றிருந்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். சாவியை எடுத்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டாவது வேறன்னு உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிச்சி."

"அப்புறம் எதுக்கு வெரல தூக்குனீங்க?"

சாவியை வண்டியில் போட்டவர் திருப்பாமல் நின்றார். "நீ அந்தப் பொட்டி வேணும்னு இருந்த. நான்தான கெடுத்தேன். நீ சும்மா இருந்திருந்தன்னா இந்நேரம் ஊட்டுக்கு வந்திருக்கும்."

படகுக்காரன் காலில் விழுந்து கெஞ்சினாலும், சத்தத்தில் துளி பிசகு இருக்கும் இஞ்சினைச் சரியாக இருக்கிறது என்று சொல்லாத ஆள் அவர். பதினைந்து பேர் முன்னால் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யையும் நான் அத்தனை பேர் முன்னால் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். நேற்று அவரை யோவ் என்று கூப்பிட்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் முதுகில் முகத்தை வைத்தேன். காமராஜர் சாலை வரும்வரை சட்டை நனைய அழுதேன். பெட்டி போய்விட்டதே என்றுதான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.